கம்பளி (ஊவாத் தோட்டங்கள்)

கம்பளி என்பது, இலங்கையின் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை முதலிய ஊவாப் பிரதேசத் தோட்டங்களில், தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர் மழைக்கும் பனிக்கும் போர்த்திவந்த முரட்டு ஆட்டுரோமத் துணி. அத்தொழிலாளர் குடும்பங்களின் சரித்திரத்தோடு இத்துணை ஒட்டிய துணி வேறில்லையாயினும், அது தோட்டத்தில் நெய்யப்பட்டதன்று.

தக்காணத்திலும் அதனையடுத்த தமிழ்ப் பகுதிகளிலும் ஆடு மேய்த்து வாழ்ந்த குறும்பரே அதன் பரம்பரை நெசவாளர். ஆட்டின் கருரோமத்தைப் பெண்கள் கையால் நூற்க, ஆடவர் பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சியூட்டி விறைப்பேற்றிக் குழித்தறியில் நெய்வர். பெரும்பாலும் சாயம் தோய்ப்பதில்லை, ஆட்டின் நிறமே துணியின் நிறம். தூறலை அது தாங்கும். பெருமழையில் ஊறிய கம்பளியின் பாரமோ சுமந்தவர்க்கே தெரியும்.

கோப்பிக் காலத்தில் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து ஊர் திரும்பியவர் பலர். 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்து, ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டிய தேயிலை அதனிடத்தைப் பற்றியபின், குடும்பங்கள் நிலைகொண்டன, மழைநாளும் வேலைநாளாயிற்று. தோட்ட நிர்வாகம் கம்பளியைத் தருவித்துக் கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. ஆகவே, குளிர்காக்கும் போர்வை கணக்கேட்டில் ஒரு பற்றாகவே தொழிலாளியை வந்தடைந்தது. இதனைத் தோட்டத் துரைமாரின் தருமமென எழுதுவோர் அக்கணக்கேட்டைப் புரட்டிப் பார்ப்பது நலம்.

தறி ஏன் உடன் வரவில்லை எனில், லயம் என்னும் வரிசைக் குடியிருப்பின் 10 அடிக்கு 12 அடியான காம்பராவில் குழித்தறிக்கு இடமேது? பெரட்டு என்னும் விடியற்காலை ஆள்கணக்கெடுப்பு முதல் மாலைக் கொழுந்து நிறுவை வரை நாளும் தோட்டத்துக்கே உரியதாயிருந்தது. இலங்கைக் கைவினை பற்றிய எழுத்தைப் பார்த்தாலோ, 1908இல் கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி வெளியிட்ட பெருநூல் கண்டிச் சிங்களரின் நெசவு முதலிய கலைகளைப் போற்றிற்று. கடல் கடந்து வந்த இக்கருந்துணி அந்நூலின் எல்லைக்குப் புறம்பானது.

வடகீழ்ப் பருவமழை ஊவா மலைகளை நனைக்கும் மாதங்களில், கொழுந்தெடுக்கும் பெண் கம்பளியின் ஒரு மூலையை மற்றொன்றினுள் செருகிக் கொங்காணியாக்கித் தலையிலிட்டு, முதுகு மறையத் தொங்கவிட்டு, அதன்மேல் கூடைக் கயிற்றை மாட்டிக்கொள்வாள். செடி கிழிக்காதபடி இடுப்பில் படங்கு என்னும் முரட்டு விரிப்பைச் சுற்றிக்கொள்வாள். இரவில் அக்கம்பளியே அடுப்போரம் உலர்ந்து பிள்ளைகளுக்குப் போர்வையாகும்.

பிற்காலத்தில் சாக்கும் பொலித்தீன் விரிப்பும் கம்பளியின் இடத்தைக் கொண்டன. அவை இலேசானவை, மலிவானவை. பொலித்தீன் மழையையும் தடுக்கும், ஆனால் குளிருக்கு உதவாது.