தோரியம்: சிதையும் அணுவின் வரலாறு

தோரியம், அணு எண் 90 கொண்ட, வெள்ளி நிறமுள்ள கனமான உலோகத் தனிமம். இதன் அணுக்கருவில் 90 புரோட்டான்கள் உண்டு. இயற்கையில் கிடைப்பதில் ஏறத்தாழ முழுவதும் 142 நியூட்ரான்களையும் உடைய தோரியம்-232. கருவைச் சுற்றி 90 எலெக்ட்ரான்கள். ஒரு தனிமம் இன்னது என்று தீர்மானிப்பது புரோட்டான்களின் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கை தானாகவே மாறும், ஒரு தனிமம் வேறொன்றாகும் என்ற உண்மை முதலில் வெளிப்பட்டது இந்தத் தனிமத்தில்தான். கதிரியக்கம் என்றதும் ரேடியமே நினைவுக்கு வந்தாலும், சிதைவின் விதியைக் கற்றுத்தந்த பெருமை தோரியத்துக்கே சேரும்.

நார்வேயின் லோவோயா தீவில் கிடைத்த ஒரு கருநிறக் கனிமத்தை ஆராய்ந்த ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ், 1828இல் இத்தனிமத்தை அடையாளம் கண்டார். வடநாட்டுப் புராணங்களின் இடி தெய்வமான தோரின் பெயரை இதற்குச் சூட்டினார். அறுபது ஆண்டுகள் வரை இதற்குப் பெரிய பயன் எதுவும் இல்லை. பிறகு ஆஸ்திரியாவின் ஆவுவர் ஃபான் வெல்ஸ்பாக், தோரியம் ஆக்சைடுடன் சிறிதளவு சீரியம் சேர்த்த வலை, சுடரில் வெண்ணொளி வீசுவதைக் கண்டார். நம் ஊர்க் கல்யாண வீடுகளிலும் திருவிழாக்களிலும் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் அந்த வலையின் வழிவந்ததே.

மேண்டிலுக்கான தோரியத் தேவைதான் திருவிதாங்கூர்க் கடற்கரையையும் வரலாற்றுக்குள் கொண்டுவந்தது. அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் அடங்கிய மோனசைட்டு என்ற கனிமம் இருப்பதை 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் தொழில் அதையொட்டித் தொடங்கியது. 1956இல் கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழகத்தில் இணைந்த ஊர் அது.

இதற்கிடையில், 1898இல் ஜெர்மனியின் ஷ்மிட்டும் பாரிஸில் மேரி கியூரியும் தனித்தனியே தோரியத்தின் கதிரியக்கத்தைக் கண்டறிந்திருந்தார்கள். அதே ஆண்டு கனடாவின் மான்ட்ரியால் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்துக்கு எர்னஸ்ட் ரதர்ஃபோர்டு வந்து சேர்ந்தார். அங்கே அவருடன் பணியாற்றிய ஓவன்ஸ் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்: அறைக் கதவைத் திறந்து மூடினால்கூட, தோரியத்தின் கதிர்வீச்சு அளவு மாறியது. யுரேனியத்தில் அப்படி நேரவில்லை. காற்றோடு போகும் ஏதோ ஒன்று தோரியத்திலிருந்து வெளியேறுகிறது என்று ரதர்ஃபோர்டு ஊகித்தார். அது கதிரியக்கமுள்ள ஒரு வாயு. அதன் செறிவு ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்தது. மீதியில் பாதி அடுத்த நிமிடத்தில் போனது. அரைவாழ்வுக் காலம் என்ற கருத்து பிறந்தது இங்கேதான்.

1900இல் இளம் வேதியியலாளர் ஃபிரெடெரிக் சாடி ரதர்ஃபோர்டோடு சேர்ந்தார். அந்த வாயு எதனோடும் வினைபுரியாததைக் கண்டு, ஒரு தனிமம் இன்னொன்றாக மாறுகிறது என்று சாடி வியந்து சொன்னார். ரசவாதிகள் என்று உலகம் தங்களைத் தூற்றுமே என ரதர்ஃபோர்டு அந்தச் சொல்லைத் தவிர்க்கச் சொன்னதைச் சாடி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தீர்க்கமான சான்று விரைவில் வந்தது. தோரியத்தை அம்மோனியாவால் வீழ்படிவாக்கிப் பிரித்தபோது, கதிரியக்கத்தின் பெரும்பகுதி எஞ்சிய கரைசலிலிருந்த துளியளவு பொருளோடு போய்விட்டது. அதற்குத் தோரியம்-எக்ஸ் என்று பெயரிட்டார்கள். 1901 கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், தோரியம்-எக்ஸ் வலுவிழந்து கிடந்தது. வலுவிழந்திருந்த தோரியமோ பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. ஒன்று தேய, மற்றது வளர, இரண்டுக்கும் பாதியளவுக்கான காலம் ஏறத்தாழ 4 நாள்தான். தோரியம் இடைவிடாமல் தோரியம்-எக்ஸை உண்டாக்குகிறது, அதுவும் தொடர்ந்து அழிகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை. 1902இல் இருவரும் இதை வெளியிட்டார்கள். அணு பிளவுபடாதது என்ற நம்பிக்கை அத்தோடு முடிந்தது. ஒரு தனி அணு எப்போது சிதையும் என்று எவராலும் சொல்ல முடியாது. கோடிக்கணக்கில் எடுத்துக்கொண்டாலோ கணக்கு துல்லியமாக வருகிறது. இயற்கை பற்றி இதைவிட வியப்பான செய்தி அந்நூற்றாண்டில் அதிகம் இல்லை.

காரணம் பின்னர்தான் விளங்கியது. 1911இல் ரதர்ஃபோர்டு அணுக்கருவைக் கண்டறிந்தார். 1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தார். ஆல்பாத் துகள் வெளியேறினால் கரு 2 புரோட்டான்களையும் 2 நியூட்ரான்களையும் இழக்கிறது. பீட்டாச் சிதைவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாகிறது. தோரியம்-232 இவ்வாறு 6 ஆல்பா, 4 பீட்டாச் சிதைவுகளைக் கடந்து காரீயம்-208 ஆகி நிலைபெறும். தோரியம்-எக்ஸ் என்றது ரேடியம்-224. கதவுக் காற்றில் அலைந்த வாயு ரேடான்-220.

தோரியத்தின் கொடிய பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1930களிலிருந்து எக்ஸ்-கதிர்ப் படம் தெளிவாக விழத் தோரோட்ராஸ்ட் என்ற தோரியக் கலவையை நோயாளிகளின் உடலில் செலுத்தினார்கள். கல்லீரலில் தங்கிய அது, பல ஆண்டுகள் கழித்துப் பலருக்குப் புற்றுநோயைத் தந்தது.

மறுபுறம், நியூட்ரானை ஏற்ற தோரியம்-232, இரு பீட்டாச் சிதைவுகளுக்குப் பின், எரிபொருளாகக்கூடிய யுரேனியம்-233 ஆகும். அந்த எரிபொருளில் இயங்கும் 30 கிலோவாட் காமினி ஆராய்ச்சி உலை 1996இல் கல்பாக்கத்தில் செயல்படத் தொடங்கியது. தோரியம்-232இன் அரைவாழ்வுக் காலம் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். பூமி உருவானபோது இருந்த தோரியத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இன்னும் சிதையாமல் இருக்கிறது.