சோத்துக்குப் பாதி, மாட்டுக்குப் பாதி

போன வாரம் மச்சான் போன்ல கேட்டாரு. "வடக்க ஓட்ஸ்னு ஒன்னு போடுறாங்களாம், தானியமும் வருதாம், மாட்டுக்குத் தீவனமும் ஆகுதாம், நாம போட்டுப் பாத்தா என்ன?" ஓட்ஸ் குளிருக்குப் பழகுன பயிர். பஞ்சாப், உத்தரப்பிரதேசம் பக்கம் பனிக்காலத்துல நல்லா வரும். நம்ம மதுரை வெயிலுக்கு அது தோதுப்படாது. ஆனா அந்த ரெண்டு வேலையையும் சேத்துப் பாத்த பயிர் ஒன்னு நம்மகிட்டயே இருந்துச்சு. அதை நாமளே கைவிட்டோம். அதுதான் சோளம்.

திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கம் உள்ள கரிசக்காடு எல்லாம் மானாவாரி. புரட்டாசி, ஐப்பசியில மழை விழுந்ததும் வெதைச்சா தை மாசம் கதிர் களத்துக்கு வந்துரும். சோளச்சோறும் கூழும் வீட்டுக்கு. தட்டை மாட்டுக்கு. அடுத்த மழை வரைக்கும் உழவுமாட்டைக் காப்பாத்துறது அந்தத் தட்டைப் படப்புதான். ஒரு வீட்டோட வசதியைப் படப்பு உசரத்தை வச்சே சொல்லிரலாம்னு எங்க அப்பத்தா சொல்லும்.

அப்போ இங்க அதிகம் போட்டது இறுங்குச் சோளம். கருத்த உமி, நெட்டையான தட்டை. மகசூல் பெருசா இருக்காது. ஆனா மழை குறைஞ்சு கதிர் பொய்ச்சாலும் தட்டை மிஞ்சும். 1876-ல ஆரம்பிச்ச தாது வருஷப் பஞ்சம் மாதிரி காலத்தைப் பாத்த சம்சாரிக்கு இந்தக் கணக்கு நல்லாவே தெரியும். கதிர் போனா ஒரு வருஷச் சோறு போச்சு. மாடு செத்தா அடுத்த வருஷ உழவும் சேந்து போச்சு.

1895-ல பெரியாறு அணை கட்டி முடிஞ்சு, மலையைக் குடைஞ்சு தண்ணி வைகைக்கு வந்துச்சு. வாடிப்பட்டி, மேலூர் பக்கம் நெல்லு வெளைஞ்சது, வைக்கோல் வந்துச்சு. அந்தத் தண்ணி எட்டாத தெக்குச் சீமைக்காரங்க சோளத்தை நம்பியே இருந்தாங்க.

ஆராய்ச்சிக்காரங்களும் இதைக் கவனிக்காம இல்ல. கோவில்பட்டியில 1901-லயே மானாவாரி ஆராய்ச்சிப் பண்ணை வந்துருச்சு. 1923-ல கோயம்புத்தூர்ல சிறுதானியத்துக்குன்னே தனி நிலையம் தொடங்குனாங்க. அங்க ஜி.என். ரங்கசாமி அய்யங்கார் சோளத்தை அக்குவேறா ஆணிவேறா ஆராய்ச்சி பண்ணி வச்சாரு.

திருப்பம் 1964-ல வந்துச்சு. நாட்டோட முதல் வீரிய ஒட்டுச் சோளம் சி.எஸ்.எச். 1 வெளியானது அந்த வருஷம்தான். குட்டைப் பயிர், மணி அதிகம். நாடே சோத்துக்குத் தவிச்ச நேரம், அதனால மணியைத்தான் எல்லாரும் பாத்தாங்க, அது தப்பும் இல்ல. ஆனா குட்டைப் பயிர்ல தட்டை கம்மி. உழவுமாடு இருந்த வரைக்கும் நம்ம ஆளுக நெட்டைச் சோளத்தை விடல. அப்புறம் டிராக்டர் வந்துச்சு, ரேஷன் அரிசி வந்துச்சு. கோழிப்பண்ணைக்காரங்க மக்காச்சோளம் கேட்டாங்க. சோளத்துக்கு வீட்டுலயும் கேள்வி இல்ல, தொழுவத்துலயும் கேள்வி இல்லன்னு ஆகிப்போச்சு.

இப்போ நெலமை திரும்புது. உழவுமாடு போன எடத்துல கறவைமாடு நிக்குது. பால் விலை ஒரு பக்கம், தீவனச் செலவு இன்னொரு பக்கம். கோடையில வைக்கோல் கட்டு வாங்கிக் கட்டுப்படியாகாம எங்க தெருவுலயே ரெண்டு வீட்டுல மாட்டை வித்துட்டாங்க. ஹைதராபாத்துல தட்டை யாவாரிகளை வச்சு ஒரு ஆய்வு பண்ணுனாங்க. நல்லா செரிக்கிற தட்டைக்கு மாட்டுக்காரங்க கூட விலை குடுக்குறது அதுல தெரிஞ்சுச்சு. தட்டை கழிவு இல்ல, அதுவும் வெளைச்சல்தான்.

அதனாலதான் மறுபடியும் ரெண்டுக்கும் ஆகுற ரகங்கள் வருது. 2010-ல கோ 30, 2015-ல கோவில்பட்டியில இருந்து கே 12. கே 12 நெட்டையா வளரும், சுமார் 95 நாள் பயிர், மானாவாரிக்கு ஏத்தது. மணிக்குப் போட்டா ஏக்கருக்கு 6 கிலோ வெதை போதும். தீவனத்துக்கு மட்டும்னா 16 கிலோ வரைக்கும் நெருக்கிப் போடுவாங்க, அப்பத்தான் தட்டை சன்னமா, மாடு கழிக்காம திங்கும்.

ஒன்னு மட்டும் மறந்துராதீங்க. எளம்பயிர்லயும், வெயில்ல வாடுன பயிர்லயும், அறுத்த தாள்ல தழையுற மறுதாம்புலயும் சயனைடு நஞ்சு உண்டாகும். பூத்த பெறகு அது கொறையும். பச்சைச் சோளத்துக்குள்ள மாட்டை விடாதேன்னு பெரியவங்க வெரட்டுனது இதுக்குத்தான். சோளம் போடுற பழக்கம் விட்டுப்போனதுல இந்த எச்சரிக்கையும் விட்டுப்போச்சு. எங்க வீட்டுல ஒரு செனை மாடு மறுதாம்புல வாய் வச்சு அரைமணி நேரத்துல விழுந்துருச்சு. டாக்டர் வர்றதுக்குள்ள போயிருச்சு. வெதை வாங்குற பிள்ளைகளுக்கு இதையும் சேத்துச் சொல்லுங்க.

மச்சான்கிட்ட ஓட்ஸ் வேணாம்னு சொல்லிட்டேன். இந்தப் புரட்டாசிக்கு ரெண்டு பேருமா ஆளுக்கு ஒரு ஏக்கர் கே 12 போடுறதா இருக்கோம். இறுங்கு வெதையும் தேடிட்டு இருக்கேன். உங்க வீட்டுக் குலுக்கையில ஒரு படி கெடந்தா சொல்லுங்க, நேர்ல வந்து வாங்கிக்கிறேன்.