ரெட் ரிவர் பள்ளத்தாக்கு: பாறையேற்றமும் நிலவுரிமையும்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தின் கிழக்கே, ஆப்பலாச்சிய மலைநாட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது ரெட் ரிவர் கார்ஜ் எனப்படும் மணற்கல் பள்ளத்தாக்கு. பாறையேறிகள் அதைச் சுருக்கமாக 'தி ரெட்' என்பார்கள். கயிற்றைக் கட்டிக்கொண்டு, முன்பே பதித்த போல்ட்டுகளில் அதை மாட்டி ஏறும் 'ஸ்போர்ட்' பாணி ஏற்றத்தில் உலகப் புகழ் பெற்ற இடங்களில் இதுவும் ஒன்று. வரைபடத்தில் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி டேனியல் பூன் தேசிய வனத்துக்குள், அதாவது அரசு நிலத்தில் இருக்கிறது. ஆனால் கடினமான, பேர்போன ஏற்றங்களில் பெரும்பாலானவை வனத்துக்கு வெளியே, தெற்கே லீ மாவட்டம், உல்ஃப் மாவட்டம் ஆகியவற்றின் தனியார் நிலங்களில் உள்ளன. இந்த இடத்தின் கடந்த முப்பது ஆண்டு வரலாற்றை எழுதப் புகுந்தால், பாறையை எப்படி ஏறினார்கள் என்பதைவிட, பாறை யார் பெயரில் இருக்கிறது என்பதற்கே அதிகப் பக்கங்கள் பிடிக்கும்.

பாறையைப் பற்றி முதலில். இது கார்பின் மணற்கல். 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணல் இறுகி உருவானது. மழையும் உறைபனியும் குடைந்ததில் நூற்றுக்கும் மேற்பட்ட இயற்கைப் பாறை வளைவுகள் இங்கே உருவாகியிருக்கின்றன. சுவர்கள் அவ்வளவு உயரமில்லை. ஒரு ஏற்றம் பெரும்பாலும் 60 முதல் 100 அடிதான். ஆனால் பல சுவர்கள் அடியிலிருந்து உச்சி வரை ஏறுபவர் மேல் கவிந்தபடி முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். மணலுக்குள் ஊறிய இரும்புச் சத்து கெட்டிப்பட்ட இடங்களில் மணல் மட்டும் தேய்ந்து போக, தோசைக்கல்லின் விளிம்பளவு தடிப்பில் தகடுகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அவற்றோடு கை முழுதாக நுழையும் பொந்துகளும் உண்டு. எனவே பிடிப்புக்குப் பஞ்சமில்லை, ஓய்வெடுக்கத்தான் இடமில்லை. இருபதாவது பிடியைத் தொடும்போது முன்னங்கை கல்லாய் இறுகி, விரல் தானாகத் திறந்துகொள்ளும். இங்கே விழுகிறவர்கள் பெரும்பாலும் பிடி கிடைக்காமல் விழுவதில்லை. பெரிய பிடியைப் பிடித்திருக்கும்போதே விழுகிறார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கே தண்ணீருக்குள் போயிருக்க வேண்டியது. 1960களில் ராணுவப் பொறியாளர் படை ரெட் ஆற்றின் குறுக்கே அணை கட்டத் திட்டமிட்டது. 1967 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ் எதிர்ப்பாளர்களோடு பள்ளத்தாக்கில் நடந்தே சென்றார். எழுத்தாளர் வெண்டெல் பெர்ரி 1971இல் இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். 1970களின் நடுவில் திட்டம் கைவிடப்பட்டது. 1985இல் ஒரு பகுதி கிளிஃப்டி வனாந்தரம் என்ற பெயரில் பாதுகாக்கப்பட்டது. 1993இல் ஆற்றின் ஒரு நீட்சி தேசிய அளவில் காக்கப்படும் ஆறுகளின் பட்டியலில் சேர்ந்தது.

ஏற்றக்காரர்கள் அரசு வனத்தைவிட்டுத் தனியார் நிலத்துக்கு வந்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. 1990களின் தொடக்கத்தில் போர்ட்டர் ஜராட் போன்றவர்கள் துளைக்கருவியோடு வந்து, விரிசலே இல்லாத கவிந்த சுவர்களில் போல்ட் அடித்துப் புதிய ஏற்றங்களை உருவாக்கினார்கள். போல்ட் அடிப்பது வேகம் பிடித்த அதே நேரத்தில் வனத்துறை புதிய ஏற்றங்களுக்குக் கடிவாளம் போட்டது. காரணம் பாறைக்கு அடியில் இருந்தது. இங்குள்ள பாறைக் குடைவுகள் ஈரம் படாத இடங்கள். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மக்கள் அவற்றில் தங்கியிருந்தார்கள். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் தாவரங்களைப் பயிராக்கிய தொடக்க காலத்துச் சான்றுகள் இந்தக் குடைவுகளின் உலர்ந்த மண்ணில்தான் அழியாமல் கிடைத்திருக்கின்றன. அதே குடைவு நிழலில் மட்டுமே வளரும் வெண்முடிப் பொன்கோல் என்ற செடி உலகில் வேறெங்கும் கிடையாது. 1988இல் அது அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. 2016இல் மீட்சி கண்டு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஏறத் தொடங்குபவர் பையை வைத்து, கயிற்றை விரித்து, காலணி மாற்றும் இடம் எதுவோ அதுவேதான் தொல்லியல் மண். அதுவேதான் செடியின் மண். வனத்துறை கைவைத்ததில் நியாயம் இல்லை என்று சொல்வது கடினம்.

தெற்கே இப்படிக் கேட்பார் இல்லை. நிலம் விவசாயிகளிடமும் எண்ணெய் நிறுவனங்களிடமும் வெளியூர்க்காரர்களிடமும் சிதறிக் கிடந்தது. சிலரிடம் கேட்டு ஏறினார்கள், பல இடங்களில் கேட்காமலே ஏறினார்கள். வருடக்கணக்காக ஏறிவந்ததால் பாத்தியதை வந்துவிடும் என்ற நினைப்பு சிலருக்கு இருந்தது. சட்டம் அப்படியில்லை. கென்டக்கியில் பிறர் நிலத்தில் வழிப்பாத்தியம் கோர 15 ஆண்டு எதிரிடை அனுபவம் வேண்டும். உரிமையாளர் போகட்டும் என்று விட்டிருந்தால் அது எதிரிடை அனுபவம் ஆகாது; எத்தனை ஆண்டு போனாலும் அது அனுமதிதான். அனுமதியை ஒரே நாளில் திரும்பப் பெறலாம்.

அப்படித் திரும்பப் பெற்றும் இருக்கிறார்கள். ரோட்சைட் என்ற சுவர் 2004 முதல் ஏற்றக்காரர்களுக்கே சொந்தம். நாய் கூடாது, கேட்காமல் போல்ட்டோ நிரந்தரத் தளவாடமோ பொருத்தக் கூடாது என்று உரிமையாளர்கள் சொல்லியிருந்தார்கள். விதிகள் காற்றில் பறந்தன. 2011இல் நிலத்தை மூடிவிட்டார்கள். பிற்பாடு முன்பதிவு அனுமதிச் சீட்டோடு மட்டும் திறந்தார்கள். டோரண்ட் ஃபால்ஸ் என்ற இன்னொரு ஏற்றப் பகுதியும் கூட்டம் தாங்காமல் சில காலம் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. நில உரிமையாளர் பாறையேற்றம் புரியாதவர் என்பதால்தான் பிரச்சினை வருகிறது என்ற வழக்கமான பேச்சுக்கு ரோட்சைட் நல்ல பதில்.

'நிரந்தரத் தளவாடம்' என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஏறுபவர் ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு கொக்கிச் சரடை மாட்டி, அதன் மறுமுனையில் உள்ள கேரபினர் எனும் உலோகக் கொக்கியில் கயிற்றைச் செருகுவார். கவிந்த சுவரில் இறங்கும்போது அவற்றைக் கழற்றி எடுப்பது பெரும்பாடு என்பதால் சிலர் அப்படியே தொங்கவிட்டுப் போவார்கள். மணல் படிந்த கயிறு ஆயிரம் முறை ஓடினால் அலுமினியக் கேரபினரின் உட்பக்கம் அரம் போட்டது போலத் தேய்ந்து, ஓரம் கத்தியாகிவிடும். அடுத்து அதில் விழுகிறவரின் கயிறு அறுபடலாம். எஃகுக் கேரபினரும் சங்கிலியும் போட்டால் ஆயுள் கூடும். ஆனால் யார் போடுவது, யார் சோதிப்பது, அறுந்தால் யார் பொறுப்பு? நிலம் யாருடையதோ அவர் பெயர்தான் வழக்கில் முதலில் வரும் என்ற பயம் உரிமையாளர்களுக்கு உண்டு.

அந்தப் பயத்தைக் குறைக்கத்தான் கென்டக்கியில் பொழுதுபோக்கு நிலப் பயன்பாட்டுச் சட்டம் இருக்கிறது. காசு வாங்காமல் நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளர், வருகிறவர்களுக்காக அந்த இடத்தை ஆபத்தில்லாமல் வைத்திருக்கக் கடமைப்பட்டவர் அல்ல. அபாயத்தைப் பற்றி வேண்டுமென்றே எச்சரிக்காமல் விட்டால்தான் சிக்கல். நுழைவதற்குக் கட்டணம் வாங்கினால் இந்தக் காப்பு கைநழுவும். இலவசமாக விட்டால் கூட்டம், கட்டணம் வைத்தால் பொறுப்பு என்று உரிமையாளர் இருபுறமும் இடிபடுகிறார்.

1990களின் நடுவில் உருவான ரெட் ரிவர் கார்ஜ் பாறையேறிகள் கூட்டமைப்பு கடைசியில் நேரடியான வழிக்கு வந்தது: கிரயம். 2004இல் லீ மாவட்டத்தில் ஏறத்தாழ 700 ஏக்கர் வாங்கி, பெண்டர்கிராஸ்-மரே பொழுதுபோக்குக் காப்பகம் என்று பெயரிட்டார்கள். பணக்காரப் புரவலர் யாரும் மொத்தமாகக் கொட்டிக்கொடுக்கவில்லை. கடனும் தவணையும் நன்கொடையும் ஆண்டுதோறும் நடக்கும் 'ராக்டோபர்ஃபெஸ்ட்' விழா வசூலுமாகச் சமாளித்தார்கள். 2013இல் மில்லர் ஃபோர்க், 309 ஏக்கர். 2017இல் பால்ட் ராக் பகுதி. மதர்லோட் என்ற புகழ்பெற்ற சுவர் இதில்தான் இருக்கிறது. அதற்குமுன் எத்தனையோ ஆண்டுகள் உலகெங்கிலுமிருந்து விமானமேறி வந்தவர்கள் மதர்லோட்டில் ஏறியதெல்லாம் வேறொருவர் கண்டும் காணாமல் விட்டிருந்ததால்தான். 2012இல் அப்படி விமானமேறி வந்த செக் நாட்டுப் பாறையேறி ஆடம் ஓண்ட்ரா, அப்போது இப்பகுதியின் ஆகக் கடினமானவையாகக் கருதப்பட்ட இரண்டு ஏற்றங்களை முதல் முயற்சியிலேயே முடித்துவிட்டுப் போனார். அவற்றில் ஒன்றான 'ப்யூர் இமாஜினேஷன்' ஏற்றத்தை அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்கப் பாறையேறி சாஷா டிஜூலியன் ஏறியிருந்தார்.

தனிநபர் வழியும் உண்டு. ரிக் வெபர், லிஸ் வெபர் தம்பதியர் உல்ஃப் மாவட்டத்தில் ஏறத்தாழ 400 ஏக்கர் வாங்கி, மியூர் பள்ளத்தாக்கு என்று பெயரிட்டு எல்லாருக்கும் திறந்துவிட்டனர். 2015இல் அதை ஒரு தன்னார்வ அமைப்புக்கே தானமாகக் கொடுத்தார்கள். வருகிறவர் பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். வண்டி நிறுத்தக் காசு உண்டு.

நிலத்தை வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் கிழக்குக் கென்டக்கியின் பத்திரங்களைப் படித்ததில்லை. இங்கே மேல்மண் ஒருவருக்கும் அடிமண் இன்னொருவருக்கும் இருப்பது சாதாரணம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்குப் பின்னும் கம்பெனி முகவர்கள் வீடு வீடாகப் போய், அடியில் உள்ள நிலக்கரி, எண்ணெய், வாயு உரிமைகளை அற்ப விலைக்கு எழுதி வாங்கினார்கள். எழுதிக்கொடுத்தவர்களில் பலருக்கு எழுத்து வாசனை கிடையாது. அடியில் உள்ளதை எடுக்க மேலே எதெல்லாம் தேவையோ அதெல்லாம் செய்துகொள்ளலாம் என்பது அந்தப் பத்திரங்களின் சாரம். 1956இல் மாநிலத்தின் மேல்நீதிமன்றம் இதை மண்ணையே உரித்தெடுக்கும் திறந்தவெளிச் சுரங்கத்துக்கும் பொருந்தும் என்றது. 1965இல் நாட் மாவட்டத்தில் ஆலி கூம்ஸ் என்ற கைம்பெண் தன் வீட்டுக்கு மேலிருந்த சரிவில் புல்டோசருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். போலீஸ்காரர்கள் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிச்சென்ற படம் நாடெங்கும் போயிற்று. 1988இல் மக்கள் வாக்களித்து அரசமைப்பைத் திருத்தி, பத்திரம் எழுதப்பட்ட காலத்தில் அந்த வட்டாரத்தில் அறியப்பட்ட முறையில்தான் நிலக்கரி எடுக்கலாம் என்று கட்டுப்படுத்தினார்கள். திருத்தம் நிலக்கரிக்கு மட்டும். எண்ணெய்க்கு இல்லை.

லீ மாவட்டமோ எண்ணெய் நாடு. மாநிலத்தின் மிகப் பெரிய எண்ணெய் வயலான பிக் சிங்கிங் இங்கேதான். 1910களின் இறுதியிலிருந்து தோண்டிவருகிறார்கள். கூட்டமைப்பு வாங்கிய காப்பகத்தில் மேல்மண் அவர்களுடையது. எண்ணெய் உரிமை அதோடு வரவில்லை. சுவரை நோக்கி நடக்கும்போது வழியில் தலையாட்டிக்கொண்டிருக்கும் பம்புகள், துருப்பிடித்த குழாய்கள், தொட்டிகள், கச்சா எண்ணெய் வாடை எல்லாம் சகஜம். ஏறுபவர்கள் ஓட்டிவரும் கரடுமுரடான பாதைகள் பெரும்பாலும் எண்ணெய்க் கிணறுகளுக்காக வெட்டப்பட்டவை. லாரி போகும் வழியில் வண்டியை நிறுத்திவிட்டு ஏறப் போய்விட்டால் கிணற்று வேலை நின்றுவிடும். நின்றால் சண்டை. இந்த உரசல் ஒரு கட்டத்தில் நீதிமன்றம் வரை போனது. எண்ணெய்க் குத்தகைக்காரர் மேல்மண்ணை எவ்வளவு பயன்படுத்தலாம், எந்த அளவு 'நியாயமான தேவை' என்பதெல்லாம் ஒவ்வொரு பத்திரத்தின் வாசகத்தையும் பொறுத்த விஷயம். சுவரின் உரிமையாளராக இருந்தும், அதன் அடிவாரத்தில் நாளை ஒரு கிணறு தோண்ட மாட்டார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாத நிலை.

உள்ளூர்க்காரர்கள் ஏற்றக்காரர்களை நீண்ட காலம் வேடிக்கைதான் பார்த்தார்கள். 1984இல் ஸ்லேட் ஊரில் மிகேல் வெஞ்சுரா தொடங்கிய கடை, பீட்சாக் கடையாகி, பின்புற வயல் கூடாரம் போடும் இடமாகி, பாறையேறிகளின் தாய்வீடாயிற்று. கிழக்குக் கென்டக்கிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010களின் நடுவில் கணக்கெடுத்து, ஏறுபவர்கள் ஆண்டுக்கு 36 லட்சம் டாலர் செலவழிக்கிறார்கள் என்றார்கள். 2020இல் வெளிவந்த கணக்கு 87 லட்சம் என்றது. நிலக்கரி வேலை போன மாவட்டங்களில் இந்தத் தொகைக்கு எடை உண்டு. அதற்குப் பிறகு மாவட்ட அலுவலகங்களில் ஏறுபவர்களுக்கு நாற்காலி போடுகிறார்கள்.

இன்று ஒரே வாரத்தில் நான்கு சுவர்களில் ஏறுகிறவர் நான்கு வகை உரிமைக்குள் புகுந்து வெளிவருகிறார்: வனத்துறை நிலத்தில் புதிய போல்ட்டுக்கு அனுமதி வேண்டும், கூட்டமைப்பு நிலத்தில் காசில்லை ஆனால் எண்ணெய் லாரிக்கு வழிவிட வேண்டும், மியூரில் படிவம், ரோட்சைடில் சீட்டு. விபத்து நடந்தால் மட்டும் இந்தப் பாகுபாடு கொஞ்சம் தளர்கிறது. உல்ஃப் மாவட்டத் தேடல் மீட்புக் குழுவின் தன்னார்வலர்கள் நிலம் யாருடையது என்று கேட்டுவிட்டு வருவதில்லை. மியூரில் வெபர் தம்பதியர் காலத்திலேயே பள்ளத்தாக்கினுள் ஸ்ட்ரெச்சர் பெட்டிகள் வைத்து, அவசர வண்டிக்கென்று பாதையும் போட்டார்கள். லீ மாவட்டத்துக் காப்பகங்களில் அடிபட்டவரை ஆம்புலன்ஸ் வரை கொண்டுசேர்க்க உதவுவது பெரும்பாலும் எண்ணெய்க்காரர்கள் வெட்டிய அதே பாதைதான்.