மரக்கால் யார் கையில்?

தஞ்சை வயல்களில் கூலி வெகுகாலம் காசாக இல்லை, நெல்லாகவே இருந்தது. அந்த நெல்லை அளந்தது மரக்கால். மரக்கால் மிராசுதார் வீட்டில் இருந்தது. அதில் கள்ள அளவு உண்டா என்று கேட்கும் உரிமை களத்தில் நின்ற பண்ணையாளுக்கு இல்லை. 1940களில் பி. சீனிவாச ராவும் களப்பால் குப்புவும் இன்னும் பலரும் கட்டிய விவசாயத் தொழிலாளர் இயக்கம் சாணிப்பாலையும் சவுக்கடியையும் ஒழிக்கச் சொன்னது. கூடவே, முத்திரை போட்ட மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்றும் கேட்டது. அடிக்கிற கையும் அளக்கிற கருவியும் ஒரே அதிகாரத்தின் இரண்டு முகங்கள் என்பது எழுதப் படிக்கத் தெரியாத அந்த மக்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

இந்தக் கட்டுரை உண்மையில் ஒரு முதுகலைப் படிப்பைப் பற்றியது. படிப்பின் பெயர் இன்டராக்‌ஷன் டிசைன், தமிழில் ஊடாட்ட வடிவமைப்பு. மனிதருக்கும் கருவிக்கும் இடையில் நடப்பதைத் திட்டமிடும் துறை இது. ஏடிஎம் திரையில் எந்தப் பொத்தான் எங்கே வர வேண்டும், செயலி எந்த மொழியில் பேச வேண்டும், தவறாக அழுத்திவிட்டால் திரும்ப வழி உண்டா என்பதையெல்லாம் முடிவு செய்வது இந்த வேலைதான். மரக்காலின் உயரத்தை யாரோ முடிவு செய்ததைப் போல.

இத்துறையைத் தொடங்கியவர்களே வேறு துறைகளிலிருந்து வந்தவர்கள். 1980களில் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பில் மோக்ரிட்ஜ், பொருள்களை வடிவமைத்துக்கொண்டிருந்தவர். அவரோடு சேர்ந்து உழைத்த பில் வெர்ப்ளாங்க் இயந்திரப் பொறியியல் படித்தவர். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் இதற்கான முதுகலைப் படிப்பை உருவாக்கிய கில்லியன் கிராம்ப்டன் ஸ்மித் படித்தது தத்துவமும் கலை வரலாறும். பாதி வழியில் தொழில் மாறி வருவோருக்கு இத்துறையின் கதவு திறந்தே இருப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

இந்தியாவில் நவீன வடிவமைப்புக் கல்வியின் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1958இல் சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசுக்கு அளித்த அறிக்கை. அதில் அவர்கள் மிகவும் வியந்தது லோட்டாவை, நம்மூர்ச் செம்பை. எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், கையில் எப்படி அமரும், இடுப்பில் எப்படி உட்காரும் என்று ஒரு செம்புக்குப் பின்னால் உள்ள கேள்விகளை அழகாக அடுக்கினார்கள். அந்தச் செம்பை யார் தொடலாம் என்ற கேள்வி மட்டும் அடுக்கில் இல்லை. கொட்டாங்குச்சியில் டீ வாங்கிக் குடித்த ஒருவர் அந்தப் பட்டியலை எழுதியிருந்தால், அதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்கும்.

1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. 1969இல் பம்பாய் ஐஐடியில் தொழில்துறை வடிவமைப்பு மையம் வந்தது. அதற்குச் சற்று முன்னால், 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அந்தத் தகராறின் மையத்தில் இருந்தது அரைப்படி நெல் கூலி உயர்வும் செங்கொடிச் சங்கமும். கூலியைச் சட்டமாக்க 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அளவு என்பது நமக்கு ஒருநாளும் தொழில்நுட்பச் சமாச்சாரம் மட்டுமாக இருந்ததில்லை.

தொழில் மாறுவது என்பதும் அப்படித்தான். சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்பவர்களையே பிரிக்கிறது, ஒரு தொழிலிலிருந்து இன்னொன்றுக்குப் போகவிடாமல் கட்டிவைக்கிறது என்று 1936இலேயே அண்ணல் அம்பேத்கர் எழுதினார். மற்றவர்களுக்கு ‘கரியர் சேஞ்ச்’ என்பது விருப்பம். நமக்கு அது போராட்டத்தின் பெயர். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போனவர்கள் செய்ததும் அதுதான். 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் தொடங்கிய நந்தனார் பள்ளியில் படித்தவர்கள் செய்ததும் அதுதான்.

இன்றைய மரக்கால் செல்போனுக்குள் இருக்கிறது. 100 நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் வருகைப்பதிவு செயலி வழியாகக் கட்டாயமாக்கப்பட்டது. ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாமல் படம் ஏறாவிட்டால், வெயிலில் மண் வெட்டிய பெண்ணின் கூலி கேள்விக்குறி. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போடவும் இணையப் பதிவு வந்துவிட்டது. சிட்டா, அடங்கல் கேட்கிறார்கள். வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுபவர் பெயரில் எந்தத் தாளும் இருக்காது. அவருக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

இதை வடிவமைத்தவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் நின்ற இடம் வேறு. ஆந்த்ரே பெத்தெய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சைக் கிராமம் ஒன்றை ஆய்வு செய்து ‘ஸ்ரீபுரம்’ என்று பெயர் மாற்றி எழுதினார். அக்ரகாரத்தில் தங்கியிருந்ததால் சேரிக்குள் தாராளமாகப் போக முடியவில்லை என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார். எங்கே தங்குகிறோமோ அதைப் பொறுத்தே நம் கண்ணுக்கு எது படும் என்பதும் அமைகிறது. பயனாளியை ஆராயப் போகும் வடிவமைப்பாளருக்கும் இதே கதைதான்.

ஆகவே இளம் தோழர்களே, இந்தக் கதவைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பம்பாய் ஐஐடி நடத்தும் சீட் தேர்வு வழியாக எம்.டெஸ். படிப்புகளில் சேரலாம். இன்டராக்‌ஷன் டிசைனும் அவற்றில் ஒன்று. தேர்வை எழுத, பள்ளிக்குப் பிறகு குறைந்தது மூன்றாண்டுப் பட்டம் போதும். பி.ஏ. தமிழோ நர்சிங்கோ சமூகப்பணியோ படித்திருக்கலாம். வயது வரம்பு இல்லை, எத்தனை முறையும் எழுதலாம். மத்திய நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு இடங்கள் சட்டப்படி நமக்குரியவை. தடைகளும் உண்டு. வினாத்தாள் ஆங்கிலத்தில் இருக்கும், படம் வரையப் பழக வேண்டும், பயிற்சி மையங்கள் நகரத்தில் இருக்கும். நம் மாலை வகுப்புகளில் டிஎன்பிஎஸ்சிக்கு ஒதுக்கும் நேரத்தில் கொஞ்சத்தை இதற்கும் ஒதுக்கலாம்.

நல்ல செயலி வந்துவிட்டால் சாதி ஒழிந்துவிடாது. முத்திரை மரக்கால் கேட்ட பிறகும் வெண்மணி நடந்தது. சங்கம் இல்லாமல் எந்தக் கருவியும் நியாயமாக அளக்காது. ஆனால் கருவி எங்கே ஏமாற்றுகிறது என்று சங்கத்துக்கு எடுத்துச் சொல்லவும், படிவத்தில் விடுபட்ட கட்டத்தைச் சேர்க்கவும், அந்த அறைக்குள் நம் ஆள் ஒருவர் வேண்டும். அன்று மரக்காலில் முத்திரை கேட்டோம். இனி மரக்காலைச் செய்யும் இடத்திலும் இருப்போம்.