நைனியப்ப பிள்ளைக்கு வக்கீல் இல்லை

புதுச்சேரியில் நைனியப்ப பிள்ளை வீதி என்று ஒன்று இருக்கிறது. அந்த வீதியில் குடியிருப்பவர்களிலேயே பலருக்கு அவர் யார் என்று தெரியாது. தெரிந்த சிலரும் ஆனந்தரங்க பிள்ளைக்கு உறவு என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். நம் சரித்திர ஞாபகம் இப்படித்தான் வேலை செய்கிறது. டைரி எழுதியவருக்குப் பதிப்புகள், ஆராய்ச்சிகள், நாவல்கள். டைரி எழுதாமல் சிறையில் செத்தவருக்கு ஒரு வீதிப் பலகை.

அவர் வழக்கை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் பழம்பெருமை அல்ல. குற்றம் சாட்டப்பட்ட ஒருவனுக்காகப் பேச இன்னொருவன் வேண்டுமா என்ற கேள்வி இந்த ஊரில் முதலில் முழு வடிவில் எழுந்தது அந்த வழக்கில்தான் என்று நினைக்கிறேன். யாரும் அதை அப்படிக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

நைனியப்ப பிள்ளை 1708ல் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகரானார். துபாஷ் என்ற சொல்லுக்கு இரண்டு மொழிக்காரன் என்று பொருள். வேலையும் அதுதான். துணி வாங்குவது, நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுப்பது, உள்நாட்டு அதிகாரிகளுக்கு வெகுமதி அனுப்புவது, வெள்ளைக்காரன் சொன்னதைத் தமிழனுக்கும் தமிழன் சொன்னதை வெள்ளைக்காரனுக்கும் கொண்டுசேர்ப்பது. அவரை அந்தப் பதவியில் வைத்தவர் கவர்னர் எபேர். அதில் ஒரு கிறிஸ்தவர் இருக்க வேண்டும் என்பது சேசு சபைப் பாதிரிமார்களின் இடைவிடாத கோரிக்கை. அப்போது எபேர் இணங்கவில்லை. பிறகு அவர் பதவி இழந்து பிரான்ஸ் போனார். 1715ல் மீண்டும் அதிகாரத்தோடு வந்தபோது வேறு மனிதராக வந்தார். பாதிரிமார்களின் தயவு அவருக்குத் தேவைப்பட்டது என்பார்கள். 1716 பிப்ரவரியில் நைனியப்ப பிள்ளை கைதானார். அவருடைய மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையும் (ஆனந்தரங்கரின் தகப்பனார்) ராமநாதன் என்ற இன்னொரு கூட்டாளியும் கூடவே பிடிபட்டார்கள். குற்றச்சாட்டு கொடுங்கோன்மை, ராஜத்துரோகம். அதற்கு முந்தின வருஷம் ஊர் ஜனங்கள் கூட்டமாகப் பட்டணத்தை விட்டு வெளியேறியதற்கு அவரே தூண்டுகோல் என்றார்கள்.

விசாரித்தது உயர் கவுன்சில். பெயர் பெரிது. உட்கார்ந்திருந்தவர்கள் கம்பெனி வியாபாரிகள். தலைமையில் எபேர். பிடித்தவரும் அவர், விசாரித்தவரும் அவர், தீர்ப்பளித்தவரும் அவர்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. பிரெஞ்சு ராஜ்யத்தில் அன்று நடப்பில் இருந்தது பதினாலாம் லூயியின் 1670ம் வருஷத்துக் குற்ற விசாரணைச் சட்டம். அதன் 14ம் தலைப்பில் 8ம் விதி, குற்றவாளி எனப்பட்டவன் தன் வாயாலேயே பதில் சொல்ல வேண்டும், ஆலோசகர் யாரும் கூடாது என்கிறது. எபேரின் கொடுமை என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. பாரிஸில் ஒரு பிரபுவைப் பிடித்திருந்தாலும் இதே கதிதான். சட்டம் தயாரானபோது இதைப் பற்றிப் பெரிய சர்ச்சை நடந்தது. வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை எந்த அரசனும் தந்ததல்ல, அது சட்டங்களுக்கு முந்தியது என்று வாதாடினார் பாரிஸ் நீதிமன்றத் தலைவர் லாமுவாஞோன். மந்திரி கோல்பேரின் மாமா புய்சோர் ஒப்பவில்லை. வக்கீல் இருந்தால் பணக்காரக் குற்றவாளி தப்பிவிடுவான் என்றார். புய்சோர் ஜெயித்தார். நூற்றிருபது வருஷங்களுக்குச் சற்றுக் குறைவாகப் பிரான்ஸில் ஏழையும் பணக்காரனும் சமமாகவே வாயடைக்கப்பட்டு நின்றார்கள். 1789 அக்டோபரில்தான், புரட்சியின் முதல் இலையுதிர் காலத்தில், அந்தக் கதவு திறந்தது. இங்கிலாந்து யோக்கியம் என்று யாரும் எண்ண வேண்டாம். அங்கே பெருங்குற்றம் சாட்டப்பட்டவனுக்காக வக்கீல் ஜூரியின் முன் முழுமையாகப் பேசலாம் என்றானது 1836ல்தான்.

அதே 8ம் விதியில் சில விலக்குகள் உண்டு. பொதுப்பணக் கையாடல், மோசடியான திவால், கணக்குப் பிள்ளைகள் செய்யும் பணத் திருட்டு போன்றவற்றில், முதல் விசாரணை முடிந்த பிறகு, நீதிபதி மனம் வைத்தால், ஆலோசகரைக் கலந்துகொள்ளலாம். கணக்கு சம்பந்தப்பட்ட குற்றம் சிக்கலானது, தனியாளால் விளக்க முடியாது என்பது காரணம். பாங்கியில் லெட்ஜர் எழுதிச் சம்பளம் வாங்கும் எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. 1670ல் நான் பணத்தைத் திருடியிருந்தால் வக்கீல் கிடைத்திருக்கலாம். துரோகம் என்று சொல்லியிருந்தால் கிடைத்திருக்காது.

சரி, வக்கீல் இல்லை. சொந்த வாயாவது இருந்ததா? கம்பெனிக்காரர்களோடு நைனியப்ப பிள்ளை புழங்கிய மொழி போர்த்துகீசியம். அன்றைய கடற்கரைப் பட்டணங்களின் பொதுமொழி அது. நேராகவே பேசியிருக்கலாம். ஆனால் விசாரணை தமிழில், மொழிபெயர்ப்பாளன் மூலமாக நடந்தது. மொழிபெயர்த்தவன் மனுவேல், சேசு சபையாரின் உபதேசியாருடைய மகன். எதிர்க் கட்சியின் வீட்டுப் பிள்ளை. வாழ்நாள் முழுக்க இரண்டு மொழிக்கு நடுவில் நின்று சம்பாதித்தவருக்குத் தன் உயிருக்கான வாக்கியத்தை இன்னொருவன் கையில் கொடுக்க நேர்ந்தது. அவன் பிரெஞ்சில் என்ன சொன்னான் என்பதைச் சரிபார்க்க அவர் பக்கத்தில் ஆளில்லை. எனக்கு இந்த வழக்கின் மையம் இதுதான். சாட்டையடி அல்ல.

சாட்சிகளின் கதை இதைவிட மோசம். அவர்கள் தமிழில் சொன்னது பிரெஞ்சில் எழுதப்பட்டது. எழுதியதில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டதாகப் பிற்பாடு சிலர் வாக்குமூலம் கொடுத்தார்கள். இதை நம்புவதற்கு எனக்குச் சிரமம் இல்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் இங்கிலீஷ் பாரத்தின் அடியில் நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுகிறார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பவர் மாதத்துக்கு ஒருவர். முந்நூறு வருஷத்தில் மை மாறியிருக்கிறது, பேப்பர் மாறியிருக்கிறது.

ஜூனில் தீர்ப்பு. கடைவீதியில் ஐம்பது சாட்டையடி, மூன்று வருஷச் சிறை, சொத்துப் பறிமுதல், பிறகு குடும்பத்தோடு நாடுகடத்தல். அடியை நிறைவேற்றினார்கள். சிறை முடியவில்லை. 1717ல் உள்ளேயே இறந்துபோனார்.

நண்பர்கள் சிலர் இந்த வழக்கை மதச் சண்டையாகவே படிக்கிறார்கள். பாதிரிமார் ஒரு இந்துவை ஒழித்தார்கள், அவ்வளவு. இந்தப் பார்வை சௌகரியமானது, ஆனால் போதாது. நைனியப்ப பிள்ளைக்காகக் கடைசிவரை எழுதி மன்றாடியவர்களில் வேறொரு சபையைச் சேர்ந்த பிரெஞ்சுப் பாதிரிமார்கள் உண்டு. சேன் மாலோ துறைமுகத்து வியாபாரிகள் உண்டு. பிரான்ஸில் யாரிடம் மனுப் போட வேண்டும், எந்த வார்த்தையில் போட வேண்டும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். சட்டம் மறுத்த வக்கீலை இவர்கள் துண்டு துண்டாகச் சேர்த்துக் கொடுத்தார்கள் என்று சொல்லலாம். மனுக்கள் போயின. மறு விசாரணை வந்தது. மனுவேலையே கூப்பிட்டுக் கேட்டார்கள். எபேர் பதவியிழந்தார், தானே கைதியானார். செத்தவருக்கு எதிரான தீர்ப்பு ரத்தாயிற்று. கோவலனை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, கொன்ற பிறகுதான் சிலம்பை உடைத்துப் பார்த்தார்கள் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, ஏறக்குறைய அதுதான். கண்ணகி இடத்தில் மகன்.

மூத்த மகன் குருவப்ப பிள்ளை தாமே பாரிஸுக்குக் கப்பலேறினார். 1720ல் அங்கே ஞானஸ்நானம் பெற்றார். ஞானத் தகப்பனாக நின்றவர் சிறுவயது ராஜாவுக்குப் பதிலாக ஆண்டுகொண்டிருந்த ஓர்லேயான் கோமகன். மறு வருஷம் சேன் மிஷேல் வீரர் என்ற பட்டம். ஊர் திரும்பி அப்பாவின் பதவியில் உட்கார்ந்தார். 1724ல் இறந்தார். அவர் மனப்பூர்வமாக மதம் மாறினாரா என்று விவாதிப்பது வீண்வேலை. ராஜசபையில் காது கொடுக்க வைப்பதற்கு ஒரு விலை இருந்தது, அதை அவர் கட்டினார். அதைக் கட்டணம் என்றே நான் படிக்கிறேன். அப்பாவை எந்த மதத்தில் இல்லாததற்காகத் தொலைத்தார்களோ அந்த மதத்திலேயே கட்டினார் என்பது மனசை உறுத்துகிறது.

பிறகு இந்த ஊரில் வக்கீல்கள் வந்தார்கள். பிரெஞ்சு ஆட்சியில் அவர்களுக்கு ‘கோன்சேய் அக்ரெயே’, அங்கீகாரம் பெற்ற ஆலோசகர் என்று பெயர். 1873ல் அவர்களில் ஒருவரான பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பிய ஜோடு போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் நுழைந்தார். நீதிபதி ஆட்சேபித்தார், தண்டனை வந்தது. பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் அதை உடைத்தார். பின்னால் 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்கு மாறி, லாபோர்த் என்று பெயரும் சூட்டிக்கொண்டார். இதை நம் ஊரில் சுயமரியாதைக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு இன்னொன்று கண்ணில் படுகிறது. மற்றவனுக்காகப் பேச வந்தவனே தான் எந்தக் காலோடு உள்ளே வரலாம் என்று முதலில் வழக்காட வேண்டியிருந்தது.

பணத்தின் கதைக்கு அரவிந்தரைப் பார்க்க வேண்டும். அவர் இந்த ஊருக்கு 1910 ஏப்ரலில் வந்ததன் முன்கதை அலிப்பூர் வெடிகுண்டு வழக்கு. 1908 மே மாதம் கைது. சர்க்கார் தரப்பில் சென்னையின் பெரும்புள்ளி எர்ட்லி நார்ட்டன். எதிர்த்தரப்புக்குத் தங்கை சரோஜினி பத்திரிகையில் நிதி கேட்டு வேண்டுகோள் விட்டார். வந்த பணம் முதலில் வைத்த வக்கீல்களோடு கரைந்தது. அப்புறம் சித்தரஞ்சன் தாஸ் வழக்கை ஏற்று, மற்ற வரும்படியை ஒதுக்கிவிட்டு மாதக்கணக்கில் உழைத்தார். 1909 மே 6ல் அரவிந்தர் விடுதலை. தாஸுக்கு என்று குறிப்புகள் எழுதத் தொடங்கி, பிறகு எல்லாவற்றையும் அவரிடமே விட்டுவிட்டதாக அரவிந்தர் உத்தரபாராவில் சொல்லியிருக்கிறார். அவர் அதை ஆண்டவன் கட்டளை என்றார். வக்கீல் வைத்த எந்தக் கட்சிக்காரனும் ஒரு நாள் அந்த இடத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். தன் வாயை இன்னொருவனிடம் கழற்றிக் கொடுக்கிற இடம். நைனியப்ப பிள்ளையிடம் அது பிடுங்கப்பட்டது. இவர் தாமே கொடுத்தார், கொடுக்கத் தகுந்த ஆள் கிடைத்தார்.

1963ல் இந்தியக் குற்றச் சட்டங்கள் புதுச்சேரிக்கு வந்தன. அரசியல் சட்டத்தின் 22ம் ஷரத்து, கைதானவன் தன் விருப்பப்படியான வக்கீலைக் கலந்துகொள்ளலாம் என்கிறது. 1976ல் சேர்ந்த 39அ இலவசச் சட்ட உதவியைச் சொல்கிறது. எழுத்தில் லாமுவாஞோன் ஜெயித்துவிட்டார். ஆனால் 1986ல் சுக் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தண்டனையை ரத்து செய்ய நேர்ந்தது. அருணாசலப் பிரதேசத்தில் வக்கீல் இல்லாமலே விசாரித்துத் தண்டித்திருந்தார்கள். அவர்கள் வக்கீல் கேட்கவில்லையே என்பது கீழே சொல்லப்பட்ட காரணம். கேட்கலாம் என்று அவர்களுக்கு யாராவது சொன்னார்களா என்று உச்ச நீதிமன்றம் திருப்பிக் கேட்டது.