மரக்கால், ஷிப்ட், நிமிடம்: தமிழக ஜவுளிக் கூலியின் அளவைகள்

பட்டுக்கோட்டை நெல்லும் தென்னையும் விளையும் ஊர். பஞ்சாலைக்குப் பேர் போனதல்ல. ஆனால் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கு ஆள் போகும் ஊர்களில் அதுவும் ஒன்று. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது, முன்பே இருந்த அந்தப் போக்கை இன்னும் வலுப்படுத்தியது. இந்த ஊரையும் உள்ளடக்கிய காவிரிப் படுகையில் கூலி நெடுங்காலம் நெல்லாகவே அளக்கப்பட்டது. 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த காலத்திலும் பேச்சு மரக்கால் கணக்கில்தான் நடந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து மாண்டதற்குப் பின்னணியிலும் நெற்கூலித் தகராறே இருந்தது. வயலில் மணி பார்த்துக் கூலி கொடுத்த வழக்கம் இல்லை. ஆலைக்குப் போனால் மணி பார்த்துக் கூலி கிடைக்கும் என்று எண்ணத் தோன்றும். அங்கும் கிடைக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தமிழக ஜவுளித் தொழிலில் மணிக்கணக்கு வேலை நேரத்துக்கு வரம்பாக வந்ததே தவிர, கூலிக்கு அளவையாக வரவில்லை. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா ஆகியோரின் துணையோடு வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவை கூலி உயர்வும் வார விடுமுறையும். 1911ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஜவுளி ஆலைகளில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம் என்று வரம்பிட்டது. 1922இல் அது வாரத்துக்கு 60 மணி ஆனது, 1934இல் 54, 1946இல் 48. சென்னையில் பின்னி ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா தலைமையில் எழுந்த சென்னைத் தொழிலாளர் சங்கமும் இந்த நேரக் குறைப்பின் கதையில் ஒரு முக்கியப் பாத்திரம்.

1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் மணிக்கோ நாளுக்கோ மாதத்துக்கோ கூலி நிர்ணயிக்கலாம் என்றுதான் சொன்னது. நடைமுறையில் நாளும் மாதமுமே நிலைத்தன. திருப்பூரில் இவ்விரண்டையும் விட வலுவான அளவை ஷிப்ட். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிப்ட். இந்த ‘ஒன்றரை’யை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஷிப்டுக்கு 480 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 60. வாரம் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் ஓடினால் மொத்தம் 72 மணி. 48ஐத் தாண்டிய 24 மணிக்கும் தொழிற்சாலைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு இரட்டைக் கூலி தரச் சொன்னது. அதாவது 2,880 ரூபாய். ஒன்றரைக் கணக்கில் கைக்கு வருவது 1,440. சட்டத்தை மீறுகிறோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை, அளவையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூரில் நூறு நாட்களைத் தாண்டி நடந்த பொது வேலைநிறுத்தம் கவனிக்கத் தக்கது. விலைவாசியோடு கூலியை இணைப்பதே அதன் மையம். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் காண்ட்ராக்டும் பீஸ் ரேட்டும் பெருகின. நாலைந்து தையல் மெஷின் போட்ட பவர் டேபிள் யூனிட்டுகள், மின்விசையோடு 10 பேர் என்ற தொழிற்சாலைச் சட்ட வரம்புக்குக் கீழேயே நின்றன. அங்கே டெய்லருக்கு எண்ணிக்கைக்குக் காசு. டெய்லருக்கு உதவும் கைமடிக்கு ஷிப்டுக்குக் காசு.

நூற்பாலைகளோ இன்னும் நீண்ட அளவையைக் கண்டுபிடித்தன. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்றாண்டு முடிவில் திருமணச் செலவுக்கென ஒரு தொகை தருவதாகச் சொல்லி வேலை வாங்கினார்கள். இடையில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பியவர்கள் அந்தத் தொகையை இழந்ததும் உண்டு. அது ஊக்கத்தொகையே அல்ல, பிடித்து வைத்த கூலி என்பது என் கருத்து. 2008இல் தமிழக அரசு இத்தகைய ஆலைத் தொழில் பழகுநர்களுக்கு நாளொன்றுக்கு 110 ரூபாய் என அடிப்படை நிர்ணயித்தது. தையல் தொழிலுக்கான 2014ஆம் ஆண்டுக் கூலி அறிவிப்பை எதிர்த்து முதலாளிகள் வழக்காட, 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

ஏற்றுமதிக் கம்பெனியின் அலுவலகத்தில் வேறொரு கடிகாரம் ஓடுகிறது. ஒரு டி-ஷர்ட் தைக்க எத்தனை நிமிடம் என்று ஓவர்லாக், பிளாட்லாக் என ஒவ்வொரு தையலுக்கும் தனித்தனியாக அளந்து ‘சாம்’ என்னும் நிர்ணய நிமிடக் கணக்குப் போடுகிறார்கள். மேலே சொன்ன 480 ரூபாய், நிமிடத்துக்கு ஒரு ரூபாய். எட்டு நிமிட உடுப்பை லைன் 50 சதவீதத் திறனில் தைத்தால் தையற்கூலி 16 ரூபாய். 80 சதவீதத்தில் 10. வெளிநாட்டு வாங்குநரோடு பேரம் இந்தச் சில ரூபாயில்தான் நடக்கிறது. விலையை நிமிடத்தில் கணக்கிடும் அதே கம்பெனி, கூலியை மட்டும் ஷிப்டில் கொடுக்கிறது.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு இடம்தரும் திருத்தத்தைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பவே, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அந்த விவாதம் முழுவதும் நேர வரம்பைச் சுற்றியே நடந்தது. வரம்பைத் தாண்டி ஏற்கெனவே ஓடும் நான்கு மணி நேரத்துக்கு என்ன கூலி என்பதைச் சம்பளச் சீட்டில் மணிக்கணக்காகப் பதியச் சொல்லும் கோரிக்கை தொழிற்சங்கங்களின் பட்டியலில் முதலிடத்துக்கு வந்திருக்க வேண்டும்.