குழந்தைகளின் மூளை அதிர்ச்சியும் இரத்தச் சோதனையும்

தலையில் அடிபட்ட குழந்தை தேற எத்தனை நாளாகும் என்பதை, காயத்தால் இரத்தத்தில் கசியும் மூளைப் புரதங்களை அளந்து முன்கூட்டியே கணிக்கும் முயற்சி. அரை நூற்றாண்டைத் தாண்டிய இந்த ஆய்வில் இதுவரை மருத்துவமனைப் புழக்கத்துக்கு வந்தது, 'ஸ்கேன் எடுக்கணுமா?' என்ற கேள்விக்கான விடை மட்டுமே.

1965இல் பிளேக் மூர் மாட்டு மூளையிலிருந்து எஸ்100 புரதத்தைப் பிரித்தெடுத்தார். அதன் ஒரு வகையான எஸ்100பி, தலைக்காயத்துக்குப் பின் இரத்தத்தில் கூடுவது பிற்பாடு தெரிந்தது. லேசான காயம்பட்ட பெரியவர்களில் சிலரை இந்த அளவைப் பார்த்து, சி.டி. ஸ்கேன் இன்றியே வீட்டுக்கு அனுப்பலாம் என்று 2013இல் ஸ்காண்டிநேவிய வழிகாட்டி கூறியது. அடிபட்ட ஆறு மணி நேரத்துக்குள் எடுத்த இரத்தத்தில், லிட்டருக்கு 0.10 மைக்ரோகிராமுக்கும் குறைவாக அது இருக்க வேண்டும். ஜி.எஃப்.ஏ.பி., யு.சி.எச்.எல்.1 ஆகிய புரதங்களை அளக்கும் சோதனைக்கு 2018இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதுவும் 18 வயது நிரம்பியவர்களுக்கே.

குழந்தைகளிடம் கணக்கு குழம்புகிறது. எஸ்100பி கொழுப்பிலும் குருத்தெலும்பிலும் தோலின் நிறமிச் செல்களிலும் உண்டு. கைக்குழந்தைகளுக்கு இயல்பாகவே அதிகம். ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் வெள்ளையரைவிடக் கூடுதலாக இருப்பதை 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே ஐரோப்பியர் போட்ட எல்லைக்கோட்டை நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்துவது சரியல்ல.

தாமதமாகத் தேறுவதைக் கணிப்பதில் முக்கியமான முன்னேற்றம் இரத்தமே இல்லாமல் வந்தது. ரோஜர் ஜெமெக் தலைமையில், கனடாவின் 9 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் சேர்த்த 3,063 பிள்ளைகளின் ஆய்வு 2016இல் வெளியானது. 28 நாளுக்குப் பிறகும் ஏறக்குறைய பத்தில் மூவருக்குத் தொந்தரவு நீடித்தது. பெண் குழந்தையா, ஒற்றைத் தலைவலி வந்ததுண்டா, பதில் சொல்லத் திணறுகிறதா, சத்தம் தாங்கவில்லையா, பாதத்துக்கு முன் பாதம் வைத்து நிற்கையில் தடுமாறுகிறதா என்பன போன்றவற்றுக்கு மொத்தம் 12 புள்ளிகள். துல்லியம் நடுத்தரம்தான்; ஆனால் செலவில்லை. 2018இல் பென்சில்வேனியா ஆய்வாளர்கள் எச்சிலிலுள்ள நுண் ஆர்.என்.ஏ.க்களைக் கொண்டும் முயன்றனர்.

இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் தொடங்கினார், அடுத்த ஆண்டு சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி. முருகன் கோயில் மலையுள்ள திருத்தணி, இப்படிப் பெரிய மருத்துவமனைகள் உள்ள இவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்டது. மலைப்படியில் உருண்ட பிள்ளையையோ திருப்பதி சாலையில் பைக்கிலிருந்து விழுந்த பிள்ளையையோ பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள், அதுவும் ஆடிக் கிருத்திகை நெரிசலில், நேரம் ஓடிவிடும். எஸ்100பியோ இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகக் கரைவது. இச்சோதனை வருமானால், முதலில் பார்க்கும் மருத்துவமனையிலேயே இரத்தம் எடுத்தாக வேண்டும்.

தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. உயிர் காக்க அந்தக் கெடு பொருத்தமானது. பாடத்தில் மனம் நிலைக்காத, வெளிச்சம் பட்டால் தலைவலிக்கிற பிள்ளையை அடையாளம் காண்பதோ நான்காவது வாரத்தில்தான்.